அக்காக்களோடு வளர்ந்ததால் பையன் இப்படி ஆனானா? ஒரு தகப்பனின் கேள்விக்குப் பதில்

வடசென்னை வியாசர்பாடியிலிருந்து ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார். பையனுக்கு ஏழு வயது. இரண்டு அக்காக்களுக்குப் பிறகு பிறந்தவன். பெரியவளின் துப்பட்டாவைப் புடவையாகச் சுற்றிக்கொண்டு கண்ணாடி முன்னால் ஆடுகிறான், சொப்புச் சாமான் வைத்துச் சமைக்கிறான், தெருப் பசங்கள் பந்து ஆடக் கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறான். "பொட்டப் புள்ளைங்க நடுவுல வளர்ந்தா இப்படித்தான் ஆவும்" என்று பாட்டி மருமகளைக் குறை சொல்கிறார். "ரத்தத்துல ஏதோ கொறைச்சல், ஹார்மோன் டெஸ்ட் எடுத்துப் பாருங்க" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கடைசியில், "இது பொறப்புல வர்றதா, வளர்ப்புல வர்றதா? எங்க அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கேட்டு முடித்திருக்கிறார். என் காதில் விழுந்த கேள்வி வேறு. வளர்ப்பு என்றால் மனைவி குற்றவாளி, பிறப்பு என்றால் பையன் நோயாளி. இந்த இரண்டில் எது என்று சொல்லுங்கள் என்கிறார். இரண்டும் இல்லை என்பது என் பதில். ஆனால் அதை வெறும் ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இந்த விஷயத்தில் உறுதியாகத் தெரிந்தது எது, இன்னும் தெளியாதது எது என்று பிரித்துச் சொன்னால்தான் அடுத்த முறை யாராவது உங்கள் மனைவியைப் பேசும்போது நீங்கள் நிமிர்ந்து நின்று பதில் சொல்ல முடியும்.

நான் மருத்துவ உளவியல் படித்தவள். இருபது வருடத்துக்கு மேலாகப் பெரம்பூரிலும் தண்டையார்பேட்டையிலும் குழந்தைகளையும் பெற்றோரையும் பார்த்து வருகிறேன். உடல் மருத்துவர் அல்ல. மருந்து எழுதும் வேலை என்னுடையது இல்லை. உங்கள் பையனை நான் பார்த்ததும் இல்லை. அதனால் அவன் நாளை என்னவாக வளர்வான் என்று இங்கே சொல்லப்போவதில்லை. நேரில் பார்த்தாலும் ஏழு வயதில் அதைச் சொல்ல என்னால் முடியாது. உறுதியாகச் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் பணம் கட்டாதீர்கள்.

முதலில், நாம் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கும் நான்கு சங்கதிகளைப் பிரித்துவிட வேண்டும். உடலின் பால் என்பது குரோமோசோம், சுரப்பி, உறுப்பு சம்பந்தப்பட்டது. பாலின அடையாளம் என்பது 'நான் ஆண்', 'நான் பெண்' என்று ஒருவர் தனக்குள் தன்னை அறிகிற உணர்வு. மூன்றாவது, நடத்தையும் விருப்பமும்: எந்த விளையாட்டு பிடிக்கும், எந்த உடை பிடிக்கும், எப்படி நடப்பார், எப்படிப் பேசுவார். நான்காவது, வளர்ந்த பிறகு யார் மேல் ஈர்ப்பு வரும் என்பது. பெரும்பாலானவர்களிடம் இந்த நான்கும் ஒரே திசையில் போவதால் இவை நான்கு என்றே நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால் இவை தனித்தனி இழைகள். உங்கள் கடிதத்தில் இருப்பது முழுக்க மூன்றாவது இழை மட்டும். துப்பட்டா, சொப்பு, பந்து எல்லாம் விருப்பம். அதைப் பார்த்துவிட்டு உங்கள் அம்மா இரண்டாவதைப் பற்றிக் கவலைப்படுகிறார், பக்கத்து வீட்டுக்காரர் முதலாவதைச் சோதிக்கச் சொல்கிறார்.

முதலாவதில் நமக்கு நிறையவே தெரியும். கருவில் சுமார் ஆறு வாரம் வரை ஆண், பெண் இருவருக்கும் இனப்பெருக்கச் சுரப்பி ஒரே மாதிரிதான் இருக்கும். ஒய் குரோமோசோமில் எஸ்.ஆர்.ஒய் என்ற மரபணு இருந்தால், அது வேலை செய்யத் தொடங்கியதும் அந்தச் சுரப்பி விந்தகமாக மாறுகிறது. இந்த மரபணுவை 1990இல்தான் அடையாளம் கண்டார்கள். விந்தகம் உருவானதும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சுரந்து, கரு ஆண் உடலாக வளர்கிறது. பிறந்த முதல் சில மாதங்களில் ஆண் குழந்தைக்கு அந்தச் சுரப்பு இன்னொரு தடவை எழும்பி அடங்கும். அதற்குப் பிறகு பருவம் வரும் வரை ஆண் குழந்தை, பெண் குழந்தை இருவரிடமும் அது மிகக் குறைவுதான். ஹார்மோன் டெஸ்ட் பற்றிய பதில் இதிலேயே இருக்கிறது. ஏழு வயதில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் அளவு குறைவாகத்தான் வரும். தெருவில் பந்து உதைக்கிற பையனுக்கும் குறைவாகத்தான் வரும். ஒன்பது வயதுக்கு முன்பே மறைவிடத்தில் முடி, பெரியவர்கள் போல வியர்வை நாற்றம், திடீர் வளர்த்தி என்று ஏதாவது தெரிந்தால் மட்டும் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அது வேறு விஷயம். துப்பட்டாவுக்காக ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்க வேண்டாம்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் பத்து வயதுப் பையன் ஒருவனைக் கூட்டி வந்தார்கள். 'ஆம்பளத்தனம் வர' என்று எங்கேயோ ஒரு கிளினிக்கில் ஊசி போட்டிருந்தார்கள். அந்த வயதில் டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் எலும்பு வயதுக்கு மீறி முதிர்ந்து, வளரும் நுனிகள் சீக்கிரம் மூடிக்கொள்ளும். பிள்ளை தன் முழு உயரத்துக்கு வளர முடியாமல் போகலாம். அவனுடைய ஆட்டமும் பேச்சும் துளி மாறவில்லை. டாக்டர் என்றாலே ஓடி ஒளிகிற பயம் மட்டும் வந்து சேர்ந்திருந்தது.

அப்படியென்றால் ஹார்மோனுக்கும் விளையாட்டுக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு, ஆனால் அது பிறப்பதற்கு முன்பு நடப்பது. அட்ரினல் சுரப்பியில் பிறவிக் குறைபாடு ஒன்று உண்டு. ஏறக்குறைய 15,000 பிறப்புக்கு ஒன்று என்பார்கள். அதோடு பிறக்கும் பெண் குழந்தை, வயிற்றில் இருக்கும்போதே வழக்கத்தைவிட அதிக ஆண்ட்ரோஜனில், அதாவது ஆண் ஹார்மோனில், வளர்ந்திருக்கும். அப்படிப்பட்ட பெண் குழந்தைகளைத் தனியாக விளையாட விட்டுக் கவனித்து 1992இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்கள் அந்தக் குறைபாடு இல்லாத சொந்தக்காரப் பெண் குழந்தைகளைவிடக் கார், கட்டைகள் மாதிரி 'பையன்' சாமான்களோடு அதிக நேரம் ஆடினார்கள். பெற்றோர் அவர்களைப் பையன்போல நடத்தியிருப்பார்களோ என்ற சந்தேகம் நியாயமானது. அதையும் பார்த்தார்கள். 2005இல் வந்த ஆய்வில், அந்தப் பெற்றோர் இந்த மகள்களைப் பொம்மை பக்கமாக மற்ற மகள்களைவிடக் கூடுதலாகவே ஊக்குவித்திருந்தார்கள். பிள்ளையின் விருப்பம் நகரவில்லை. ஆக, எந்தப் பொம்மை பிடிக்கும் என்பதில் கருவறை ஹார்மோனுக்கு ஓரளவு பங்கு உண்டு என்பதை நான் நம்பிக்கையோடு சொல்வேன். ஆனால் அதே பெண்களில் மிகப் பெரும்பாலோர் வளர்ந்து தங்களைப் பெண் என்றே உணர்கிறார்கள். கார் பிடித்ததால் அவர்களுடைய அடையாளம் மாறிவிடவில்லை. நான் மேலே இழைகளைப் பிரித்தது இதற்காகத்தான்.

வளர்ப்பு மட்டுமே எல்லாம் என்று நம்பியதால் நேர்ந்த ஒரு பெரிய கொடுமையையும் சொல்லியாக வேண்டும். 1965இல் கனடாவின் வின்னிபெக் நகரில் இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. எட்டாவது மாதத்தில் சுன்னத்து அறுவையில் நேர்ந்த விபத்தில் ஒரு குழந்தையின் ஆணுறுப்பு முற்றிலும் சிதைந்துபோனது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த உளவியலாளர் ஜான் மணி, பாலின உணர்வு வளர்ப்பில்தான் உருவாகிறது, சின்ன வயதிலேயே மாற்றி வளர்த்தால் பிள்ளை பெண்ணாகவே ஆகிவிடும் என்று பெற்றோருக்குச் சொன்னார். அறுவை செய்து, கவுன் போட்டு, பெண் பெயர் வைத்து வளர்த்தார்கள். சோதனை வெற்றி என்று உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது; பாடப்புத்தகங்களிலும் ஏறியது. அந்தப் பிள்ளையோ கவுனைக் கிழித்தது, பள்ளியில் ஒண்டியாக நின்றது. பதினான்கு வயதில் உண்மையைச் சொன்னதும் ஆணாக வாழத் தீர்மானித்து டேவிட் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1997இல் ஆய்வாளர் மில்டன் டயமண்டும் மனநல மருத்துவர் கீத் சிக்மண்ட்சனும் எழுதிய கட்டுரையில்தான் உண்மை வெளியே வந்தது. டேவிட் ரைமர் 2004இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு 'ஆகவே எல்லாம் பிறப்பு' என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அதுவும் அவசரம். ஒருவரின் வாழ்க்கையை வைத்து விதி எழுத முடியாது. 2004இல் இன்னொரு ஆய்வு வெளியானது. இடுப்புப் பகுதி உறுப்புகள் சரியாக உருவாகாத ஒரு பிறவிக் கோளாறு காரணமாக, மரபணு ரீதியாக ஆணாகப் பிறந்தும் பெண்ணாக வளர்க்கப்பட்ட 14 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 8 பேர் தங்களை ஆண் என்று அறிவித்தார்கள். 5 பேர் பெண்ணாகவே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். மீதி ஒருவரின் நிலை தெளிவாகவில்லை. உடலின் இழுப்பு வலுவானது, ஆனால் அது ஒன்று மட்டுமே தீர்மானிப்பதில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். எதிர்ப்பக்கம் இன்னொரு நிலையும் உண்டு. ஆணுக்குரிய எக்ஸ்-ஒய் குரோமோசோம் இருந்தும் உடல் முழுக்க ஆண்ட்ரோஜனைக் கண்டுகொள்ளாத பிறவிகள் பெண் உடலோடு வளர்ந்து, பெரும்பாலும் பெண்களாகவே வாழ்கிறார்கள். அங்கே ஹார்மோனும் வேலை செய்யவில்லை, வளர்ப்பும் பெண்ணாகவே இருந்தது. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் எது காரணம் என்று பிரிக்க வழியில்லை. குழந்தை தானே பேசும் வயது வரும் முன் அதன் உடலில் கத்தி வைக்கக் கூடாது என்ற அளவில் நம் ஊர் முன்னே நிற்கிறது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைச் சொன்னது; அதே வருடம் தமிழக அரசு, உயிருக்கு ஆபத்து இருந்தால் தவிர, இடைப்பால் குழந்தைகளுக்கு (ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடலோடு பிறப்பவர்களுக்கு) அப்படிப்பட்ட அறுவையைத் தடை செய்து ஆணை போட்டது. இந்தியாவில் முதலில் செய்த மாநிலம் தமிழ்நாடுதான். எனக்கு அதில் பெருமை உண்டு.

இனி வளர்ப்புக்கு வருகிறேன். இதில் அம்மா என்ன செய்தாள் என்று மட்டும் பார்ப்பது மிகக் குறுகிய பார்வை. குழந்தை பிறந்த நிமிடத்திலிருந்து மொத்தத் தெருவும் சேர்ந்துதான் வளர்க்கிறது. நியூயார்க்கில் பதினோரு மாதக் குழந்தைகளை வைத்து 2000இல் ஒரு சோதனை செய்தார்கள். சரிவான பலகையில் உங்கள் குழந்தை எவ்வளவு செங்குத்து வரை தவழ்ந்து இறங்கும் என்று தாய்மாரைக் கேட்டார்கள். பையனைப் பெற்றவர்கள் அவனால் முடிவதற்கு மேலே சொன்னார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் அவளால் முடிவதற்குக் கீழே சொன்னார்கள். உண்மையில் தவழவிட்டபோது பையன்களுக்கும் பெண்களுக்கும் வித்தியாசமே இல்லை. 1976இல் வந்த இன்னொரு ஆய்வில், திடீரென்று எழும்பும் பொம்மையைப் பார்த்து அழும் ஒரே குழந்தையின் படத்தைப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அது பையன் என்று யாரிடம் சொன்னார்களோ அவர்கள் 'கோபப்படுகிறான்' என்றார்கள். பெண் என்று யாரிடம் சொன்னார்களோ அவர்கள் 'பயப்படுகிறாள்' என்றார்கள். ஒரே குழந்தை, ஒரே அழுகை. கோபப்படுகிறவனை விட்டுவிடுவோம், பயப்படுகிறவளைத் தூக்கி அணைத்துக்கொள்வோம். இது ஒரு நாளைக்கு நூறு தடவை நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் மொழியே பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறது. 'வந்தான்', 'வந்தாள்' என்று பிரிக்காமல் ஒரு பிள்ளையைப் பற்றித் தமிழில் அதிக நேரம் பேசுவது கஷ்டம். வாடா, வாடி என்று கூப்பிடும்போதே வரிசை பிரிந்துவிடுகிறது. (ஆசை மேலிட்டால் மகளை 'வாடா கண்ணா' என்பதும் நம் வீடுகளில்தான். அது ஏன் என்று எனக்கு வெகு நாள் யோசனை.) எதைச் சொன்னாலும் ஆணா பெண்ணா என்று குறிக்க வேண்டிய ஹீப்ரு மொழிக் குழந்தைகள், அவன் அவள் என்ற பேதமே இல்லாத பின்னிஷ் மொழிக் குழந்தைகளைவிட முன்னதாகவே தங்கள் பாலைச் சரியாகச் சொல்லிவிடுவதை 1980களின் தொடக்கத்தில் ஓர் ஆய்வு காட்டியது. பொதுவாக இரண்டரை மூன்று வயதில் 'நான் பையன்', 'நான் பொண்ணு' என்று குழந்தை சொல்லத் தொடங்கும். ஆனால் அது மாறாத ஒன்று என்ற தெளிவு ஆறேழு வயதுக்குப் பக்கத்தில்தான் வருகிறது. 1966இல் உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க் இதை விளக்கினார். அதற்கு முன் முடி வெட்டினால் பையன், பாவாடை கட்டினால் பெண் என்று குழந்தை நிஜமாகவே நினைக்கும். அதனால்தான் யு.கே.ஜி பிள்ளைகள் இந்த விதிகளில் அத்தனை கறாராக இருக்கிறார்கள். உங்கள் பையனைப் பள்ளியில் யாராவது கேலி செய்தால், அந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. புதிதாகக் கற்ற விதியை இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

பிள்ளைகள் தாங்களே ஆண், பெண் என்று பிரிந்துகொள்வதும் இந்த வயதில் வேகமாகக் கூடுகிறது. உளவியலாளர்கள் எலினார் மக்கோபியும் கேரல் ஜாக்லினும் 1987இல் எழுதியது: நாலரை வயதில் தன் பாலைச் சேர்ந்தவர்களோடு விளையாடும் நேரம் மற்றவரோடு விளையாடும் நேரத்தைப் போல மூன்று மடங்கு, ஆறரை வயதில் பதினோரு மடங்கு. பையன்கள் பக்கம் முட்டல் மோதல் அதிகம். அது பிடிக்காத பையன் ஒதுங்கத்தான் செய்வான். அதுவும் கால்பந்துக்காக 'குட்டி பிரேசில்' என்று பெயர் வாங்கிய வியாசர்பாடியில், பந்து ஆடாத பையன் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவான். மயிலாப்பூரில் பாட்டு கிளாஸுக்குப் போகும் இதே பையனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குறை என்று நீங்கள் நினைப்பதில் பாதி, தெரு வைத்திருக்கும் அளவுகோல்.

அக்காக்களைப் பற்றி உங்கள் அம்மா சொன்னதற்கு நேரடியாகவே ஆய்வு இருக்கிறது. இங்கிலாந்தில் மூன்று வயதுக் குழந்தைகள் ஐயாயிரத்துக்கு மேல் பேரை எடுத்து, அண்ணன் உள்ளவர், அக்கா உள்ளவர், ஒற்றைப் பிள்ளை என்று பிரித்துப் பார்த்து 2000இல் வெளியிட்டார்கள். அக்கா உள்ள பையன்களிடம் 'பெண்' விளையாட்டு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஆனால் 'பையன்' விளையாட்டு அதனால் குறையவில்லை. அதாவது வீட்டில் சொப்பு இருந்தால் சொப்பும் ஆடுவான். உங்கள் அம்மா சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு; அதை மறுக்க வேண்டாம். ஆனால் அவர் பயப்படுவது விளையாட்டை நினைத்து அல்ல. அக்காக்களோடு வளர்ந்தால் 'நான் யார்' என்ற உணர்வு மாறும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கவுன் போட்டு, அறுவை செய்து, பல வருடம் மருத்துவர்கள் சேர்ந்து முயன்றும் ஒரு கனடாப் பிள்ளையின் உணர்வை மாற்ற முடியவில்லை. இரண்டு அக்காக்களும் ஒரு துப்பட்டாவும் மாற்றிவிடுமா?

ஆண் மனம், பெண் மனம் என்று நாம் போடும் கோடு எவ்வளவு தூரம் உண்மை என்பதிலும் சில விஷயங்கள் தெளிவாகத் தெரியும். உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005இல், பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வுகள் 46ஐ ஒன்றாக எடுத்துப் பார்த்தார். அளந்த வித்தியாசங்களில் 78 சதவீதம் மிகச் சிறியவை, அல்லது இல்லவே இல்லை என்று சொல்லத்தக்கவை. எறியும் தூரம் மாதிரி சிலவற்றில் இடைவெளி பெரிது, உடல் முரட்டுத்தனத்தில் நடுத்தரம். அதை மறைக்க வேண்டியதில்லை. 2015இல் 1,400க்கும் மேற்பட்டவர்களின் மூளைப் படங்களைப் பார்த்த டாஃப்னா ஜோயல் குழு, முழுக்க ஆண் கூறுகளோ முழுக்கப் பெண் கூறுகளோ கொண்ட மூளை அரிது, பெரும்பாலானவை கலவை என்று சொன்னது. ஆனால் கணினியிடம் கொடுத்தால் மூளைப் படத்தை வைத்து ஆணா பெண்ணா என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறதே என்று மற்றவர்கள் வாதிட்டார்கள். அந்தச் சர்ச்சை முடியவில்லை. அதனால் மூளை விஷயத்தில் யார் அடித்துப் பேசினாலும் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

சமூகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மேகாலயாவில் நல்ல சான்று கிடைத்தது. அங்கே வாழும் காசி என்ற பழங்குடி மக்களிடம் சொத்து கடைசி மகளுக்குப் போகும். பக்கத்திலேயே வாழும் கர்பி மக்களிடம் மகனுக்குப் போகும். இரு ஊர்க்காரர்களிடமும் ஒரே படப் புதிரைக் கொடுத்துச் சேர்க்கச் சொன்னார்கள், 2011இல் வெளியானது. கர்பி ஊர்களில் ஆண்கள் பெண்களைவிட வேகமாக முடித்தார்கள். காசி ஊர்களில் அந்த இடைவெளியே இல்லை. இதற்கு மேகாலயா வரை போக வேண்டாம் என்றும் எனக்குத் தோன்றும். விடியற்காலை காசிமேடு துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஏலத்தில் குரல் உயர்த்தி விலை பேசுவதும், கூறு போடுவதும், சண்டை பிடிப்பதும், காசை எண்ணி இடுப்பில் செருகுவதும் பெண்கள். 'பொம்பளைக்குக் கணக்கு வராது, பேரம் வராது' என்று யாரும் அங்கே சொல்லிவிட்டுத் திரும்பி வர முடியாது. கேரம் என்றால் பையன்கள் கிளப்பில் ஆடுவது என்று இருந்த ஊரில்தான் வியாசர்பாடி இளவழகி 2008இல் உலக சாம்பியன் ஆனார். வடசென்னையின் காசிமா 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கினார். அந்தப் பெண்களின் கையில் முன்பு இல்லாத திறமை எங்கிருந்தோ வந்து சேரவில்லை. போர்டு அவர்கள் பக்கம் நகர்த்தப்பட்டது. பெண் பிள்ளை பையன் விளையாட்டு ஆடினால் பெருமைப்படுகிற இதே ஊர், பையன் சொப்பு வைத்து ஆடினால் பயப்படுகிறது. பெண்ணின் வேலை தாழ்ந்தது என்று நாம் மனசுக்குள் வைத்திருப்பதுதான் அந்தப் பயத்துக்கு அடி என்று நான் நினைக்கிறேன். இது என் கருத்து, ஆய்வு முடிவு அல்ல.

இப்போது நீங்கள் கேட்கத் தயங்கிய கேள்வி. "அவன் நாளைக்குத் திருநங்கையா ஆயிடுவானோ?" ஒருவரின் அடையாளம் உடலோடு பொருந்தாமல் போவது ஏன் என்று இன்றைக்கு எந்த அறிவியலுக்கும் முழுதாகத் தெரியாது. இரட்டையர் ஆய்வுகள் பிறவிக் கூறு ஓரளவு உண்டு என்று காட்டுகின்றன. இதுதான் என்று கைகாட்ட ஒரு மரபணுவும் இல்லை, ஒரு ஸ்கேனும் இல்லை. அமெரிக்கக் கிளினிக்குகளில் நடந்த பழைய ஆய்வுகளில், பெண்மை நடத்தையோடு கூட்டி வரப்பட்ட பையன்களில் பெரும்பாலோர் ஆணாகவே வளர்ந்தார்கள். அவர்களில் கணிசமானோருக்கு ஆண்கள் மேல் ஈர்ப்பு இருந்தது. மிகச் சிலரே திருநங்கையானார்கள். அந்த ஆய்வுகளில் வெறுமனே பொம்மை ஆடிய பையன்களையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள் என்ற குறை உண்டு. மறுபக்கம், 'நான் பையன் இல்லை, பொண்ணு' என்பது மாதிரி தொடர்ந்து சொல்லி, குடும்பமும் அப்படியே ஏற்றுக்கொண்ட 317 பிள்ளைகளை ஐந்து வருடம் கழித்துப் பார்த்த அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா ஓல்சன் குழு, 94 சதவீதம் பேர் அதே அடையாளத்தில் இருப்பதாக 2022இல் எழுதியது. இரண்டும் முரண் போலத் தெரியும். என் அனுபவத்தில் வித்தியாசம் இங்கே இருக்கிறது: பிள்ளை என்ன செய்கிறான் என்பது ஒன்று, தன்னை யார் என்று சொல்கிறான் என்பது வேறொன்று. உங்கள் பையன் செய்வதை எழுதியிருக்கிறீர்கள். அவன் தன்னைப் பற்றி எதுவும் சொன்னதாக எழுதவில்லை.

ஒருவேளை ஒரு நாள் சொன்னால், அதுவும் நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியல், பாலினப் பொருத்தமின்மையை மனநோய்ப் பகுதியிலிருந்தே எடுத்துவிட்டது. சிகிச்சை என்ற பெயரில் இதை மாற்ற முயல்வது கூடாது என்று 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மறு வருடம் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கக் கேடு என்று அறிவித்தது. என்னிடம் வந்த பெரியவர்கள் பலரிடம் கேட்டிருக்கிறேன். அடித்ததால் உள்ளே எதுவும் மாறியதாக ஒருவரும் சொன்னதில்லை. மறைக்கக் கற்றுக்கொண்டேன் என்றார்கள். பள்ளியை நிறுத்தினேன் என்றார்கள். பதினாறு வயதில் வீட்டை விட்டுப் போனேன், அம்மா முகத்தை அதற்குப் பிறகு பார்க்கவில்லை என்றார் ஒருவர். அப்போது அவருக்கு நாற்பது வயது.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. துப்பட்டாவைப் பிடுங்காதீர்கள், கூட்டம் சேர்த்துக் கைதட்டவும் வேண்டாம். கால்பந்துக்கு இழுக்காதீர்கள். ஆனால் உடம்பை ஓடியாட விடும் ஏதோ ஒன்று அவனுக்கு வேண்டும். ஆட்டம் பிடிக்கும் பிள்ளைக்கு நடன வகுப்பு, நீச்சல், சைக்கிள் என்று எவ்வளவோ இருக்கிறது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவும்போது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். சமையல் ஆண் கைக்கும் உரியது என்று சொல்லாமலே அவனுக்குப் புரியும். வகுப்பு டீச்சரிடம் முன்கூட்டியே போய்ப் பேசிவிடுங்கள், கேலி தொடங்கிய பிறகு அல்ல. பிள்ளை தன் உடம்பையே வெறுத்துப் பேசினாலோ, பள்ளிக்குப் போக அழுதாலோ, தூக்கம் சாப்பாடு கெட்டாலோ, 'நான் செத்துப்போறேன்' மாதிரி ஒரு வார்த்தை வந்தாலோ அன்றைக்கே ஒரு குழந்தை மனநல நிபுணரிடம் கூட்டிப் போங்கள். அது அவன் யார் என்பதை மாற்ற அல்ல, வலியைக் குறைக்க.

உங்கள் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டீர்கள். நான் சொன்ன வருடமும் சதவீதமும் அவருக்கு வேண்டாம். பீரோவில் பழைய ஆல்பம் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். நம் வீடுகளில் ஆண் குழந்தைக்கு முடி இறக்கும் முன், பட்டுப் பாவாடை கட்டி, ஜடை பின்னி, பூ வைத்து, கண்ணுக்கு மை தீட்டி, ஸ்டூடியோவுக்குத் தூக்கிப் போய் ஒரு போட்டோ எடுப்பார்கள். உங்களுக்கும் எடுத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அந்தப் பூவை யார் வைத்தது என்று அவரிடம் கேளுங்கள். அவர் அந்த நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், பையனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.